இருட்டோடே கிளம்புங்கள்: துக்க வீட்டின் முதல் ஈஸ்டருக்கு ஒரு முழு வழிகாட்டி

அம்மா இறந்தது ஜனவரி கடைசியில். அந்த வருஷக் குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலைச் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வருஷா வருஷம் அதை நிலைக்கு மேலே செருகுவது அம்மாவின் வேலை. அப்பா என் கையிலிருந்து வாங்கி, அம்மா படத்துக்குப் பின்னால் செருகினார். "அடுத்த ஞாயிறு நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கம்மா. எனக்கு இந்த வருஷம் பண்டிகை வேண்டாம்" என்றார்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இது புதிதல்ல. சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. கிறிஸ்துமஸ் என்றால் ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். ஆனால் ஈஸ்டரை அப்படித் தள்ளிவைப்பது எளிதாக இல்லை. மரணத்தைப் பற்றியே பேசுகிற பண்டிகை அது. "மரணமே! உன் கூர் எங்கே?" என்று சபை முழுக்கச் சேர்ந்து வாசிக்கும்போது, அந்தக் கூர் நம் விலாவில் குத்திக்கொண்டிருக்கிறதே என்று துக்க வீட்டுக்காரருக்குத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு நான்கு சுவிசேஷங்களின் கடைசி அதிகாரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் கண்டுகொண்ட ஒரே விஷயத்தைச் சொல்லத்தான் இந்த வழிகாட்டி. முதல் ஈஸ்டருக்குக் கிளம்பிப் போனவர்கள் யாரும் பண்டிகைக்குப் போகவில்லை. செத்துப்போன ஒருவரின் உடலுக்குச் சுகந்தவர்க்கம் இடப் போனார்கள். அவர்கள் கையில் இருந்தது துக்கத்தின் சாமான். போகிற வழியில் அவர்கள் பேசிக்கொண்டதும் கல்லை யார் புரட்டித் தள்ளுவார் என்கிற கவலைதான். ஆகவே துக்கத்தை முடித்துவிட்டு ஈஸ்டருக்கு வாருங்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், வேதத்தில் அப்படி ஒருவரும் வரவில்லை என்று சொல்லுங்கள்.

கீழே உள்ளவை பெரிய வாரத்தின் நாட்களை ஒட்டிய படிகள். எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்பதில்லை. தெம்புள்ள இடத்தில் கால் வைத்தால் போதும். சபைக்குச் சபை சொற்கள் மாறும். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்ததால் அந்தப் பேச்சே அதிகம் வரும். கத்தோலிக்க வழக்கம் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

படி 1: எந்த நாள் உங்களை அடிக்கும் என்று முன்னாலேயே பாருங்கள்

ஈஸ்டர் தேதி நகரும். திருச்சபைக் கணக்கின்படி மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28, 2028-ல் ஏப்ரல் 16. இறந்தவரின் பிறந்தநாளும் கல்யாண நாளும் நினைவு நாளும் நகராதவை. ஒரு வருஷம் தள்ளி நிற்கும் இரண்டும் மறு வருஷம் ஒரே வாரத்தில் வந்து விழும். காலண்டரை எடுத்து அந்த நாட்களை வட்டமிட்டு வையுங்கள். எதிர்பாராமல் வந்து அடிக்கிற அலைக்கும், வருகிறது என்று தெரிந்து கால் ஊன்றி நிற்கிற அலைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

பிறகு, எந்த ஆராதனைக்குப் போவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பெரிய வியாழன் இராப்போஜனம், பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை, ஈஸ்டர் அதிகாலை, பிறகு பரிசுத்த நற்கருணை என்று வரிசையாக இருக்கும். துக்கத்தில் இருக்கிறவர் எல்லாவற்றுக்கும் போனால் சனிக்கிழமைக்குள் துவண்டுவிடுவார். ஒன்று அல்லது இரண்டு போதும். பக்க வாசலுக்கு அருகில் உட்காருங்கள். நீங்கள் எழுந்து வெளியே போனால் கூட வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒருவரை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அழுவது அவிசுவாசம் என்கிற எண்ணத்தை இறக்கி வையுங்கள்

நம் சபைகளில் இது ஆழமாக இருக்கிறது. "ஒப்பாரி வைக்காதே, சாட்சியா இருக்காது" என்பார்கள். "நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படக் கூடாது" என்று 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டுவார்கள். அந்த வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்கிறார் பவுல். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. நம்பிக்கையுள்ளவர்களுக்கும் ஒரு துக்கம் உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் அவர் பேசுகிறார்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது இயேசு ஏற்கெனவே உயிர்த்தெழுந்துவிட்டார். பெந்தெகொஸ்தே நாளும் வந்து போய்விட்டது. வானம் திறந்திருப்பதைக் கண்டுகொண்டே ஸ்தேவான் மரித்தார். அப்படிப்பட்டவரையே "தேவபக்தியுள்ள மனுஷர்" எடுத்து அடக்கம்பண்ணி, அவருக்காக "மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்கிறது 8:2. துக்கங்கொண்டாடுவது! எவ்வளவு சரியான தமிழ். உயிர்த்தெழுதலை நம்பியவர்கள் சத்தமாக அழுதார்கள். அது அவர்கள் பக்திக்குக் குறைவாக எழுதப்படவில்லை.

மரியாள், மார்த்தாள் இருவரின் சகோதரனான லாசருவின் கல்லறைக்குப் போகும்முன் இயேசு கண்ணீர் விட்டதும் அப்படித்தான். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர் அவர். நல்ல முடிவு கையில் இருந்தும் மரியாளோடு நின்று அழுதார். "அதான் பரலோகத்துல பார்ப்போமே, ஏன் அழுற?" என்று கேட்பவருக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியாது.

படி 3: பெரிய வியாழன், ஒரே ஒருவரிடம் கேளுங்கள்

வியாழக்கிழமை ஒரு வேலைதான். கெத்செமனேயில் இயேசு, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். தேவகுமாரனே கூட இருங்கள் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். சிநேகிதர் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். கேட்பதில் அவருக்கு வெட்கமில்லை. நீங்களும் அக்காவையோ மாமாவையோ பழைய வகுப்புத் தோழியையோ கூப்பிட்டு, "இன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் பேசணும், இல்லாட்டி சும்மா லைன்ல இருந்தா போதும்" என்று கேளுங்கள்.

படி 4: பெரிய வெள்ளி, உங்கள் புலம்பலை எழுதுங்கள்

பகல் 12 முதல் 3 வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையில் நான்காவது வார்த்தை வரும்போது என் அனுபவத்தில் கோயில் கொஞ்சம் அமைதியாகும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இது இயேசு அந்த நேரத்தில் புதிதாகச் சொன்னதல்ல. 22-ம் சங்கீதத்தின் முதல் வரி. வலி தாங்கமுடியாத நேரத்தில் அவர் தம் ஜனத்தின் பழைய புலம்பலை எடுத்துக்கொண்டார். சங்கீதப் புத்தகத்தில் இப்படிப்பட்ட முறையீடுகள் ஏராளம். அவற்றில் 88-ம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது. அதையும் ஜெபம் என்று ஏற்றுத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

புலம்பல் என்ற பெயரில் ஒரு புத்தகமே இருக்கிறது. எருசலேம் அழிந்ததைப் பற்றிய 5 அதிகாரங்கள். முதல் 4 அதிகாரங்களும் எபிரெய மொழியின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று யோசித்திருக்கிறேன். எனக்குப் படுவது இதுதான்: துக்கத்துக்குக் கரை கிடையாது, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று அழுகிறவருக்குத் தெரியாது. எழுத்து வரிசை ஒரு கைப்பிடிச் சுவர் மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கடைசி எழுத்தில் போய் நிற்கலாம். துக்கம் முடிந்திருக்காது, அன்றைய புலம்பல் முடிந்திருக்கும்.

நாமும் இதைச் செய்யலாம். தமிழில் உயிரெழுத்து 12. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தாளை எடுத்து அ முதல் ஔ வரை எழுதி, ஒவ்வொன்றிலும் தொடங்கும் ஒரு வரி எழுதுங்கள். அழகாக இருக்கவேண்டாம், இலக்கணமும் வேண்டாம். "அம்மா இல்லாத அடுக்களையில் நான் நிற்கிறேன், ஆண்டவரே. ஆஸ்பத்திரியில் அந்த ராத்திரி நீர் எங்கே இருந்தீர்?" என்று தொடங்கியது என்னுடையது. 'ஔ'வுக்கு ஔஷதம் என்ற சொல்லைத் தவிர எதுவும் வரவில்லை. அதை எழுதியதும் அம்மா கடைசியாக மறுத்த மாத்திரை ஞாபகம் வந்து, அரைமணி நேரம் அழுதேன். கோபமாக இருந்தால் கோபத்தை எழுதுங்கள். மார்த்தாள் இயேசுவின் முகத்துக்கு நேரே, "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று சொன்னாள். மரியாள் வந்து அதையே சொன்னாள். இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

எழுதிய தாளை வேதாகமத்தில் 56-ம் சங்கீதத்தில் வையுங்கள். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்கிற வசனம் அங்கேதான் இருக்கிறது. துருத்தி என்றால் தோல் பை.

படி 5: பெரிய சனி, இந்த நாளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

எங்கள் வீடுகளில் பெரிய சனி என்றால் வேலை நாள். வீடு கழுவுவது, மசாலா அரைப்பது, கறிக்குச் சொல்லி வைப்பது. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு வேத நாள் இருப்பதே மறந்துபோகும். துக்கத்தில் இருப்பவருக்கு மூன்று நாட்களில் மிக நெருக்கமானது இதுதான் என்று நான் நம்புகிறேன். மரணம் நடந்து முடிந்துவிட்டது. வாக்குத்தத்தம் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. வீடு காலியாக இருக்கிறது. துக்க வீட்டுக்காரர் வருஷக்கணக்காக வாழ்வது இந்தச் சனிக்கிழமையில்தான்.

அந்த ஸ்திரீகள் அன்று என்ன செய்தார்கள்? சுகந்தவர்க்கங்களை ஆயத்தம்பண்ணிவிட்டு, "கற்பனையின்படியே ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள்" என்கிறார் லூக்கா. கற்பனை என்றால் இங்கே கட்டளை. அவ்வளவுதான். நம்பிக்கையோடு காத்திருந்தார்கள் என்றுகூட எழுதவில்லை. ஓய்ந்திருந்தார்கள். உங்களுக்கும் அன்று அது போதும்.

ஆனால் அந்த நாளில் இயேசு எங்கே இருந்தார் என்று நாம் வாரந்தோறும் விசுவாசப்பிரமாணத்தில் சொல்கிறோம்: "பாதாளத்தில் இறங்கினார்." அந்த வார்த்தையை அம்மா இறக்கும்வரை நான் கவனித்ததே இல்லை. கிழக்குத் திருச்சபைகள் உயிர்த்தெழுதலை வரையும்போது காலிக் கல்லறையைவிட இந்த இறக்கத்தையே பெரிதாக வரைவார்கள். இஸ்தான்புல் நகரில் கோரா என்ற பழைய ஆலயத்தில் 14-ம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. வெள்ளுடையில் கிறிஸ்து, காலடியில் பாதாளத்தின் உடைந்த கதவுகளும் சிதறிய பூட்டுகளும். ஒரு பக்கம் ஆதாமையும் மறு பக்கம் ஏவாளையும் கல்லறைகளிலிருந்து இழுத்துத் தூக்குகிறார். உற்றுப் பார்த்தால் அவர் பிடித்திருப்பது அவர்கள் மணிக்கட்டை. பதிலுக்குப் பிடிக்கத் தெம்பில்லாதவர்களை அப்படித்தானே தூக்கமுடியும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, 'என் விசுவாசம் போதுமா' என்கிற கேள்வி என்னை முன்போல் வருத்துவதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் முடிந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள். வாளி, மண்வெட்டி, பழைய துணி, கொஞ்சம் சுண்ணாம்பு. புதுக் கல்லறை என்றால் மண் இறங்கி அமரட்டும். சிமெண்டுப் பூச்சுக்கும் கல்வெட்டுக்கும் அவசரப்படாதீர்கள், ஈஸ்டருக்குள் முடிக்கவேண்டும் என்று சொந்தக்காரர் சொன்னாலும். புல் செதுக்கி, மேட்டைச் சரிசெய்து, தண்ணீர் தெளித்தால் போதும். அப்பா அன்று மூன்று மணிக்கே வாளியோடு கிளம்பிவிட்டார். பண்டிகை வேண்டாம் என்றவர்தான். இது அவருக்குப் பண்டிகை வேலையாகத் தோன்றவில்லை.

படி 6: ஈஸ்டர் அதிகாலை, கல்லறைக்குப் போங்கள்

ஈஸ்டர் விடியலைக் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனையோடு வரவேற்பது பல சபைகளில் பழக்கம். 1732-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவியச் சபை வாலிபர் சிலர் ஈஸ்டர் அதிகாலையில் குன்றின்மேல் இருந்த கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடியது இதற்குப் புகழ்பெற்ற முன்னோடி. அவர்கள் செய்ததற்கு வேதம் ஆதாரம்: "அதிக இருட்டோடே" மகதலேனா மரியாள் கல்லறைக்கு வந்தாள் என்று யோவான் எழுதுகிறார். கத்தோலிக்கர் சனி இரவே திருவிழிப்பில் கூடி, விளக்கெல்லாம் அணைத்த கோயிலில் புது நெருப்பிலிருந்து பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். அடக்கத் திருப்பலியில் பெட்டிக்குப் பக்கத்தில் எரிவதும் பாஸ்கா திரிதான். நீங்கள் கத்தோலிக்கராக இருந்தால் அந்த இரவில் அதைக் கவனியுங்கள். உங்கள் ஆளின் அடக்கத்தில் எரிந்த வெளிச்சம் எங்கே பற்றவைக்கப்பட்டது என்பதை அங்கே காண்பீர்கள்.

உங்கள் சபையில் கல்லறை ஆராதனை இல்லாவிட்டாலும் நீங்களாகப் போகலாம். தோட்டக் காவலரிடம் முந்தின நாளே சொல்லி, கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லறைகளுக்கு நடுவே குழியும் முள்ளும் இருக்கும். காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது, அதனால் ஒரு கண்ணாடிப் பாட்டில். செவ்வந்தியோ சம்பங்கியோ கொஞ்சம். உட்கார ஒரு பாய், முக்கியமாகப் பெரியவர்களுக்கு. வெளுக்கும் முன்பு போய், யோவான் 20:1 முதல் 18 வரை யாராவது ஒருவர் மெதுவாக வாசியுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

அந்தப் பகுதியில் ஒன்றைக் கவனியுங்கள். உயிர்த்தெழுந்தவர் மரியாளிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்திரீயே, ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய்?" அழாதே என்று அவர் கட்டளையிடவில்லை. கேட்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். அழுத கண்ணுக்கு அவர் தோட்டக்காரராகத்தான் தெரிகிறார். வசனமோ விளக்கமோ அவளுக்குப் புரியவைக்கவில்லை. "மரியாளே" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் திரும்பினாள். கல்லறையின் முன் நிற்கும்போது உங்கள் ஆளின் பேரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். செத்தவர் பேரைச் சொல்ல வீட்டில் எல்லோரும் தயங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேர் ஆண்டவரின் வாயில் இருக்கிறது என்பதே நம் நம்பிக்கை.

எதுவும் தோன்றாமலும் போகலாம். மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் 16:8-உடன் முடிகின்றன: "அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்." நடுங்கிக்கொண்டு ஓடிய அந்த ஸ்திரீகளுக்கும் அது ஈஸ்டர்தான். உயிர்த்தெழுதல் நடந்தது அவர்கள் மனநிலையைப் பொறுத்திருக்கவில்லை. உங்கள் மனநிலையையும் பொறுத்திருக்கவில்லை.

அன்று அதிகாலை மூன்றரைக்கு எழுந்து பார்த்தால் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு நின்றார். "ஆராதனைக்கு இல்ல. அம்மாகிட்டப் போறேன்" என்றார். மேட்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் சபை பாடிக்கொண்டே தோட்டத்துக்குள் வந்தது. அப்பா பாடவில்லை. எழுந்து நின்றார்.

கல்லறை இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் கடலுக்குப் போன கன்னியாகுமரி மீனவர் பலரின் உடல் கரைக்கு வரவே இல்லை. கொரோனா காலத்தில் தூரத்தில் நின்று பார்த்தவர்களும், வெளிநாட்டில் இருந்து போனில் அடக்கத்தைப் பார்த்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கடற்கரைக்கோ, அவர் வழக்கமாக உட்காரும் திண்ணைக்கோ போய் இதையே செய்யுங்கள். "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்கிறது வெளிப்படுத்தின விசேஷம் 20:13. கடலும் ஒருநாள் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று யோவான் பார்த்திருக்கிறார்.

படி 7: அந்தப் பகல்

அதிகாலையைவிட மத்தியானம் கடினம். பிரியாணி வாசனை எல்லா வீட்டிலும் வரும். சமைப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதமே நடக்கும். சமைக்காவிட்டால் பாவமில்லை, சமைத்தால் துரோகமில்லை. வருகிற சாப்பாட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இறந்தவருக்குப் பிடித்த ஒன்றைச் செய்து, அவர் மாதிரியே இன்னொரு துக்க வீட்டுக்குக் கொடுத்துவிடுவது எங்களுக்கு உதவியது. புது வெள்ளை உடுத்தணுமா, வாழ்த்துச் சொன்னால் திருப்பிச் சொல்லணுமா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். "ஸ்தோத்திரம்" என்று சொன்னாலே போதும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் "ஆச்சி தூங்குறாங்க" என்று சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கப் பயப்படும். "ஆச்சி செத்துட்டாங்க. அவங்க உடம்பு இங்க இருக்கு. இயேசு அவங்களைத் திரும்ப எழுப்புவாருன்னு நாம நம்புறோம். எப்பன்னு தெரியாது" என்று நேராகச் சொல்லுங்கள். கல்லறைக்கு வர ஆசைப்பட்டால் கூட்டிப் போங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

படி 8: திங்கள் முதல் 50 நாள்

ஈஸ்டர் ஒரு நாள் என்று நினைப்பதால்தான் அந்த ஒரு நாளில் ஆறுதல் கிடைத்தே ஆகவேண்டும் என்று பதறுகிறோம். திருச்சபையில் ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை 50 நாள். சுவிசேஷங்களிலும் நம்பிக்கை தவணை தவணையாகவே வருகிறது.

எம்மாவு என்ற கிராமத்துக்குப் போன சீஷர் இருவர் ஈஸ்டர் அன்று சாயங்காலம்வரை எதையும் நம்பவில்லை. "நாங்கள் நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் பேசினார்கள். முழு வேதாகமத்திலும் துக்கமான வார்த்தை இதுதான் என்று எனக்குத் தோன்றும். தெரியாத ஒரு வழிப்போக்கராக இயேசு அவர்களோடு ஏழெட்டு மைல் நடந்தார், அவர்கள் சொன்ன கதையை முழுக்கக் கேட்டார், பிறகே பேசினார். இந்த 50 நாளில் உங்களோடு நடக்க ஒருவரைக் கண்டுபிடியுங்கள். காலை நடையாக, நிஜமாகவே நடந்து. முகம் பார்த்துப் பேசமுடியாதவர்கள் பக்கத்தில் நடந்துகொண்டு பேசிவிடுவார்கள். அப்பா அப்படித்தான் பேச ஆரம்பித்தார்.

தோமா முதல் ஈஸ்டர் கூடுகைக்கே வரவில்லை. எட்டு நாள் கழித்து அவருக்காக இயேசு திரும்ப வந்தார். சென்னையில் பரங்கிமலையையும் சாந்தோமையும் அவர் பேரால் அறிகிற நமக்கு அவர் உறவினர் மாதிரி. ஈஸ்டருக்குக் கோயில் பக்கமே போகமுடியவில்லையே என்று வருந்துகிறவர்கள் அவரை நினையுங்கள். அவருக்குக் காட்டப்பட்டது ஆணி பாய்ந்த கைகள். உயிர்த்தெழுந்த உடம்பிலும் காயம் மறையவில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை, இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோன் ஆலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியவில் உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தின்மேல் இரத்தம் தெறித்திருந்தது. அவர்கள் அதைக் கழுவிவிடவில்லை. கண்ணாடிக்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஈஸ்டரும் நினைவு நாளாகவும் ஆகிவிட்ட அந்தக் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கறை படிந்த அந்த வெள்ளைச் சுரூபத்தைப் பற்றி அறிந்தபோது, தோமாவுக்கு எது காட்டப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது.

இந்த நாட்களில் பசிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள். யோவான் 21-ல், ராத்திரி முழுக்க வலை வீசிக் களைத்து வந்த சீஷருக்கு உயிர்த்தெழுந்தவர் கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்திருந்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். தம்மை மறுதலித்த பேதுருவின் பெரிய குற்றவுணர்ச்சியைப் பற்றிப் பேசியது சாப்பிட்ட பிறகுதான்.

துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் முதல் வாரம் போலவே அழுத்தி, வேலை, தூக்கம், பிள்ளைகள் எதையும் பார்க்கவிடாமல் செய்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் குறிப்பிடுகிறது. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவல்ல. சாகவேண்டும் என்கிற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, எந்த நேரமும் கூப்பிடலாம்.

தற்கொலையில் ஒருவரை இழந்த வீடுகளுக்குத் தனியாக ஒன்று. உங்களிடம் யாராவது நரகத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அதற்காக நான் வெட்கப்படுகிறேன். அப்படி இறந்தவர்களின் நித்திய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2283-ம் எண்ணில் சொல்கிறது. பாதாளம்வரை இறங்கினவருக்கு எட்டாத ஆழம் எது?

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பதைத் துக்க வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். அது பிள்ளைகளை இழந்த யோபு தன் வாயால் தன்னைப் பற்றிச் சொன்னது. அவரிடம் போய் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அவர் சிநேகிதர் செய்ததில் உருப்படியானது முதல் வாரம்தான்: ஒரு வார்த்தையும் பேசாமல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகே எல்லாம் கெட்டது. போகும்போது சாப்பாடு கொண்டுபோங்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்கு ஞாபகமுள்ள ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லுங்கள். ஈஸ்டர் முடிந்த மூன்றாவது வாரம், எல்லோரும் மறந்த பிறகு, இன்னொரு தடவை போங்கள்.

அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, எங்கள் கோயிலில் பழைய குருத்தோலைகளைக் கேட்டார்கள், எரித்துச் சாம்பல் எடுப்பதற்காக. அம்மா படத்துக்குப் பின்னால் இருந்த ஓலையைத் தொட எனக்கு மனசு வரவில்லை. அப்பாவே எடுத்து, தூசி தட்டி, காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். "கொண்டு குடுத்துரும்மா. புதுசு செருக இடம் வேணும்லா" என்றார்.